கதை முடிந்த பின் திறக்கும் கதவு

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குச் சென்று, மலைக்கோயிலின் 365 படிகளையும் ஏறியிருக்கிறீர்களா? ஏறி முடித்ததும் ஒருவர், "இன்னும் நூறு படி இருக்கிறது. விரும்பினால் ஏறலாம், ஏறாவிட்டாலும் குறையில்லை" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலர் கால் வலியோடு இறங்கிவிடுவார்கள். சிலரோ, 'அப்படி என்னதான் இருக்கிறது, பார்ப்போமே!' என்று மேலே நடப்பார்கள். அந்தச் சிலருக்காக வீடியோ விளையாட்டுகளில் அமைக்கப்படுவதே 'விருப்ப நிலவறை'.

கதாபாத்திரமாக நாமே மாறி ஆடும் விளையாட்டுகளில், ஒவ்வொரு சண்டையிலும் வீரனுக்கு அனுபவ எண் கூடும். எண் கூடக்கூட வலிமையும் கூடும். இறுதிப் பகைவனை வென்றால் கதை முடிந்துவிடும். ஆனால் 1992-இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் 5' விளையாட்டில், கதை முடிந்த பிறகு ஒரு புதிய நிலவறை திறந்தது. அங்கே இருந்த எஸ்டார்க் என்ற பகைவனை வென்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

கதவு எப்படித் திறக்கிறது?

நெசவு ஊர்க்காரர்களுக்கு ஜக்கார்டு அட்டை தெரிந்திருக்கும். அட்டையில் துளை இருந்தால் இழை உயரும், இல்லாவிட்டால் உயராது. கணிப்பொறியின் நினைவகத்திலும் இப்படியே 1 அல்லது 0 என்ற குறி உண்டு. 'கதை முடிந்ததா?' என்ற இடத்தில் முதலில் 0 இருக்கும். முடிந்ததும் அது 1 ஆகும். கதவருகே வீரன் வரும்போது நிரல் அந்தக் குறியைப் பார்க்கிறது. 1 என்றால் வழி விடுகிறது. அவ்வளவுதான்!

ஏன் இந்த ஏற்பாடு?

கதையைப் பெரும்பாலோர் முடிக்க வேண்டுமானால் அது மிகக் கடினமாக இருக்கக்கூடாது. தேர்ந்தவர்களுக்கோ அந்த அளவு போதாது. ஒரே பாதை இருவருக்கும் பொருந்தாது. ஆகவே பொதுப் பாதையை எல்லாருக்கும் வைத்து, கடினமானதைத் தனியே ஒதுக்கினார்கள். செலவும் குறைவு, இருக்கும் படங்களையே நிறம் மாற்றிப் பயன்படுத்தலாம். அந்நாளில் இது முக்கியம். அதே 1992-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 5' முழுவதும் 2 மெகாபைட்டில் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பல சமயம் அதைவிடப் பெரிது!

அந்த விளையாட்டில் ஒரு புதையல் பெட்டிக்குள் ஷின்ரியூ என்னும் டிராகன் ஒளிந்திருக்கும். பெட்டியைத் திறந்ததும் பேரலை எழுப்பி வீரர்களை வீழ்த்திவிடும். வலிமை எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. ஆனால் பவள மோதிரம் அணிந்தவருக்கு நீர்த் தாக்குதல் காயத்தை ஆற்றும் மருந்தாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பவருக்கு அந்த அலையே உதவி! நல்ல விருப்பப் பகுதி நேரத்தை மட்டும் கேட்பதில்லை, சிந்தனையையும் கேட்கிறது. பகைவனின் எண்களை மட்டும் பெருக்கி வைத்தால் அது வெறும் அலுப்பே.

பரிசு என்ன? அதே விளையாட்டில் ஒமேகா என்ற இயந்திரத்தை விலகியும் செல்லலாம். வென்றால் ஒரு பதக்கம் கிடைக்கும். அதனால் சண்டையில் எந்தப் பயனும் இல்லை! இருந்தும் பலர் முயன்றார்கள். யாரும் கட்டாயப்படுத்தாத ஒன்றை நாமே முடித்தோம் என்ற நிறைவே அவர்கள் பெற்ற பரிசு.

உங்கள் கணக்குப் புத்தகத்திலும் தேர்வுக்கு வராத கடினமான கணக்கு ஒன்று இருக்கும். அதன் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. ஒரு நாள் உள்ளே நுழைந்து பாருங்களேன்!