பூ கொட்டிய பிறகு தெளித்துப் பயனில்லை: உளுந்து வயலில் வெக்கையைச் சமாளிப்பது எப்படி?

மாசி பாதியைத் தாண்டினால் காரைக்கால் பக்கத்து உளுந்து வயல்களில் ஒரே கேள்விதான்: “பூ கொட்டுதே, என்ன தெளிக்கலாம்?” திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி என்று எந்த ஊர் வரப்பில் நின்றாலும் இந்தப் பேச்சு வரும். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். இயற்கை உழவர் என்றால் பஞ்சகவ்யாவா, தேமோர் கரைசலா என்று கேட்பார். ஆனால் பூ கொட்டுவதைக் கண்ணால் பார்க்கிற அன்று தெளிப்பது பெரும்பாலும் பிந்திப்போன வேலை. வெக்கை அந்தப் பூவைத் தாக்கியது அது மொட்டாக இருந்தபோது. இதைப் புரிந்துகொண்டால் எந்த வேலையை எப்போது செய்யணும் என்பது தெளிவாகிவிடும்.

பூவுக்குள் என்ன நடக்கிறது?

செடி தாங்குகிற வெக்கையைப் பூ தாங்காது. மொட்டு விரிவதற்குப் பல நாள் முன்பே அதற்குள் மகரந்தத் தூள் உருவாகத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் வெக்கை கடுமையாக இருந்தால் தூள் சுருங்கிச் சப்பையாகிவிடும். வெளியே பார்த்தால் பூ மஞ்சளாக, நல்லாத்தான் விரியும். உள்ளே உயிர் இருக்காது. கருக்கட்டாத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது, காம்போடு கழற்றிவிடும்.

நெல்லிலும் இதே கதைதான். கதிர் பூப்பது முற்பகலில். ஒவ்வொரு பூவும் ஒரு மணி நேரம் போலத்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கருக்கட்டாமல் பதர் கூடுகிறது.

இரவு வெக்கையும் சும்மா விடுவதில்லை. பகலில் இலை தயாரித்த சர்க்கரையைச் செடி இரவில் மூச்சு விடுவதற்குச் செலவு செய்கிறது. இரவு சூடாக இருந்தால் இந்தச் செலவு கூடும். பூவுக்கும் பிஞ்சுக்கும் போய்ச் சேர வேண்டியது குறையும். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் இதைக் கணக்குப் பார்த்தார்கள். இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் கோடைப் போக நெல் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைகிறது என்று 2004இல் வெளியிட்டார்கள். நம்முடையது கடற்கரை ஊர். உள்நாட்டைப் போல இரவில் சீக்கிரம் குளிராது.

இன்னொன்றும் உண்டு. நமக்கு வியர்ப்பது போல, செடியும் இலை வழியாக நீரை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் இந்த ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். மண்ணிலும் ஈரம் இல்லையென்றால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்புறம் இலை, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடும். ஆக, பூவைக் கெடுப்பது வானத்து வெயில் மட்டும் இல்லை, காய்ந்த மண்ணும்தான். வெயிலை நாம் குறைக்க முடியாது. மண் ஈரத்தைக் காப்பாற்ற முடியும்.

முதலில் வெக்கைதானா என்று பாருங்கள்

பூ உதிர்ந்தால் உடனே வெயிலின் தலையில் பழியைப் போடக் கூடாது. நல்ல பருவத்திலும் உளுந்தில் பூத்த பூவெல்லாம் காயாவதில்லை, பாதிக்கு மேல் உதிர்வது இயல்பு. ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து அதன்மேல் பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். சின்னச் சின்னதாக ஓடினால் அது இலைப்பேன். பூக்கள் நூலால் பின்னப்பட்டு ஒட்டிக் கிடந்தால் காய்ப்புழு. செடி கரும்பச்சையாக, இலை மண்டி, பூ மட்டும் குறைவாக இருந்தால் தழைச்சத்து மிகுதி. ஊட்டம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இது எதுவும் இல்லாமல், மத்தியானம் இலை துவண்டு, பூ சுத்தமாகக் கழன்று விழுந்தால் அது வெக்கையும் வறட்சியும் சேர்ந்த வேலை.

விதைக்கிற நாளே பாதி மருந்து

ஆடுதுறை 3 உளுந்து 70 முதல் 75 நாளில் முடிந்துவிடும். சுமார் 35 முதல் 40 நாளில் பூக்கும். தை நடுவில் விதைத்தால் மாசிக் கடைசியில் பூ. மாசி நடுவில் விதைத்தால் பங்குனிக் கடைசியில் பூ. இந்த ஒரு மாதம்தான் வித்தியாசமே.

நமக்குச் சிக்கல் எங்கே என்றால், நாம் கடைமடை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் நம்ம பக்கம் தண்ணீர் வந்து சேர நாளாகும். சம்பா பிந்தும், அறுவடை பிந்தும், அதோடு உளுந்தும் பிந்தும். பருவமோ முன்னே வருகிறது. 1901 முதல் உள்ள பதிவுகளில், நாடு முழுவதற்குமான சராசரிப் பகல் வெப்பம் மிக அதிகமாக இருந்த மார்ச் 2022இல் வந்தது. மறு ஆண்டே, 2023 பிப்ரவரி அதேபோலப் பழைய பதிவுகளை முறியடித்தது. இரண்டுமே நம்ம உளுந்து மொட்டு வைத்துப் பூக்கிற மாதங்கள்.

அதனால் நெல் அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பே, மண் மெழுகு பதமாக இருக்கும்போது விதையை வீசுவது என்ற பழைய வழக்கத்தை விட வேண்டாம். அறுவடை மாசி நடுவுக்கு மேல் தள்ளிப்போய்விட்டதா? அப்போது உளுந்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நாள் குறைந்த பச்சைப்பயறு, வடிகால் உள்ள மேட்டு வயலென்றால் மாசிப்பட்ட எள், இரண்டும் சரிப்படாவிட்டால் பலதானிய விதைப்பு என்று மாறிக்கொள்ளலாம். பலதானியம் பணம் தராது, ஆனால் அடுத்த குறுவைக்கு மண்ணுக்குச் சாப்பாடு போடும். பூக்காத உளுந்துக்கு விதைச் செலவு செய்வதைவிட அது மேல்.

வைக்கோலை முழுசாக விற்காதீர்கள்

நம்ம களிமண் காயக் காய வெடிக்கும். வெடிப்பு வழியாக அடி ஈரம் போகும், சல்லிவேர் அறுந்து போகும். இதைத் தள்ளிப்போடுவது மூடாக்கு. நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனதும் இதைத்தான்.

இப்போது அறுவடை இயந்திரம் போன பின்னால் வைக்கோலைக் கட்டுக் கட்டிக் காசாக்கிவிடுகிறோம். கையில் வருகிற காசு தெரிகிறது, மண்ணில் போகிற ஈரம் தெரிவதில்லை. மாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியையாவது வயலில் விடுங்கள். இயந்திரம் வரிசையாகக் கொட்டிய வைக்கோலை அப்படியே விட்டால் அடியில் முளை அழுகிவிடும். உதறி, முளை வெளியே தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பரப்ப வேண்டும். நம்பிக்கை வராதவர்கள் ஒரு மாவில் மட்டும் செய்துவிட்டு, பங்குனி வெயிலில் இரண்டு இடத்திலும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

ஒரு தண்ணீர் கிடைத்தால் எப்போது?

தரிசு உளுந்து பனியிலும் மிச்ச ஈரத்திலும் வளர்கிற பயிர். வாய்க்காலிலோ குளத்திலோ ஒரே ஒரு தண்ணீருக்கு வழி இருந்தால், அதை மொட்டு தெரிய ஆரம்பிக்கும்போது கொடுங்கள், பூ கொட்டும் வரை காத்திருக்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு, லேசான நனைப்பு போதும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் உளுந்து வேர் மூச்சுமுட்டி, வெக்கையைவிட வேகமாகப் பூவைக் கொட்டும். கடலோரம் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் தண்ணீரின் உப்பைச் சோதிக்காமல் பாய்ச்ச வேண்டாம். மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள்.

மேல்காற்றுக்கு வரப்பில் தடுப்பு

பகலில் கடல்காற்று திரும்பினால் வயல் கொஞ்சம் ஆறும். மேல்காற்று ஓங்கி அடிக்கிற நாளில் கடல்காற்று உள்ளே வர நேரமாகும், அன்றைக்குத்தான் பூவுக்குக் கண்டம். மேற்கு வரப்பில் அகத்தி, ஆமணக்கு, செம்பை இருந்தால் அந்த அனல்காற்றின் வேகம் குறையும். ஆமணக்கு புகையிலை வெட்டுப்புழுவையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கரைசல் எங்கே உதவும்?

புளித்த மோர் 5 லிட்டர், இளநீர் 1 லிட்டர், 2 தேங்காயின் துருவல். துருவலைத் துணியில் கட்டி மோரில் போட்டு, மண்பானையில் 7 நாள் ஊறவிட்டால் தேமோர் கரைசல். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர் கலந்து தெளிக்கலாம். இளநீரில் சைட்டோகைனின் என்ற இயற்கை வளர்ச்சி ஊக்கி இருக்கிறது. அதனால் இது பூவையும் பிஞ்சையும் பிடித்து வைக்கத் துணை செய்யும். ஆனால் செத்துப்போன மகரந்தத்துக்கு உயிர் கொடுக்காது, வறண்ட மண்ணுக்கு ஈரமும் கொடுக்காது. எனவே மொட்டு வரும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை, சாயங்காலம் வெயில் இறங்கிய பின் தெளியுங்கள். துவண்டு நிற்கிற செடிக்கு உச்சி வெயிலில் எதையும் தெளிக்கக் கூடாது.

கொல்லைத் தோட்டத்தில்

தக்காளி, மிளகாய்க்கும் இதே நியாயம்தான். தக்காளி குளிர்ந்த இரவை விரும்புகிற செடி. பங்குனி, சித்திரையில் அதோடு மல்லுக்கட்டுவதைவிடக் கத்திரி, வெண்டை, கொத்தவரை போடலாம். இருக்கிற செடிக்கு மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி நிறுத்துங்கள். நிழல்வலை போடுவோர் பக்கங்களைத் திறந்து விடணும். நாலு பக்கமும் மூடினால் உள்ளே தேங்குகிற அனலே பூவைக் கருக்கிவிடும்.

செலவும் பெரிதாக இல்லை. தையில் விதையும் வைக்கோலும், மாசியில் மொட்டு நேரத்து நனைப்பும் கரைசலும், வரப்பில் நாலு அகத்தி. இந்த ஆண்டு எந்த நாளில் விதைத்தீர்கள், எந்த நாளில் முதல் பூ, எப்போது கொட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம்ம ஊர் வெக்கைக்கு ஏற்ற விதைப்பு நாளை அடுத்த ஆண்டு அந்த நோட்டே சொல்லும்.