கூரை விழும் முன் கேட்க வேண்டிய கேள்வி: கட்டடத்தை ஆய்வு செய்வது யார்?

2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தான் மாநிலம் ஜாலாவார் மாவட்டத்தின் பிப்லோதி கிராமத்தில் அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து விழுந்து 7 குழந்தைகள் உயிரிழந்தனர். அதற்கு முன், 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் சரிந்து 3 மாணவர்கள் மாண்டனர். இத்தகைய சாவுகளுக்குப் பிறகு நடப்பவை நமக்குப் பழகிப்போனவை: பணியிடை நீக்கம், நிவாரண அறிவிப்பு, பழுதான கட்டடங்களின் பட்டியல், சில நாள்களுக்கு இடிப்பு வேலை.

அப்போது நாம் பெரும்பாலும் நிதியைப் பற்றியே கேட்கிறோம்: எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு திருப்பி அனுப்பப்பட்டது? இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தை ஆய்வு செய்து, அதற்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது யார்? அவரை யார், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள்? வசதி படைத்தோர் தனியார் பள்ளிகளுக்குச் சென்றுவிட்ட பல ஊர்களில், பழுதான அரசுப் பள்ளியில் எஞ்சியிருப்பவர்கள் தலித், பழங்குடிக் குழந்தைகளே. ஆகவே இந்தத் தேர்வை வெறும் தொழில்நுட்பச் சடங்காக நாம் விட்டுவிட முடியாது.

பூச்சு வேறு, சீரமைப்பு வேறு

கான்கிரீட் கூரையில் நீர் கசிந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் காரை பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிட்டால் விரிசல் கண்ணுக்கு மறையும். துரு உள்ளே தொடரும். அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் முன்னைவிடப் பெரிதாகப் பெயரும்.

பழைய பள்ளிகள் சிலவற்றில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரை உண்டு. மர உத்தரங்களின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கிக் கட்டிய கூரை அது. ஒழுகும்போதெல்லாம் மேலே புதிய தளம் போட்டுக்கொண்டே போனால், உளுத்த உத்தரத்தின் மேல் பாரம்தான் ஏறும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியேறவிடாமல் தேக்கும். இதை அறிந்தவர் ஆய்வு செய்தால் ஒரு முடிவு வரும். அறியாதவர் வந்தால் வேறு முடிவு வரும்.

முறையான ஆய்வு என்பது கண்ணால் பார்த்துச் செல்வதன்று. கான்கிரீட்டின் வலிமையைச் சுத்தியல் மீள்விசைச் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவற்றால் மதிப்பிட வேண்டும். தேவையான இடங்களில் உருளை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். கம்பி எவ்வளவு துருப்பிடித்துள்ளது என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் தரப்படும் உறுதித்தன்மைச் சான்றிதழ் வெறும் தாள்.

யாருக்கு எந்தத் தகுதி?

கட்டடக் கலைஞர்கள் சட்டம், 1972 இன்படி, கட்டடக் கலை மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மைக் ‘கட்டடக் கலைஞர்’ என அழைத்துக்கொள்ள முடியும். அச்சட்டம் பாதுகாப்பது அந்தப் பட்டத்தை மட்டுமே. வடிவமைப்புப் பணியைப் பிறர் செய்வதை அது தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, ஒருவர் பெயருக்குப் பின்னுள்ள பட்டத்தோடு, எந்தப் பணிக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறையின் அமைப்பு, வெளிச்சம், காற்று, சாய்தளம், கழிப்பறை ஆகியவற்றை ஒன்றிணைத்துத் திட்டமிடுவது கட்டடக் கலைஞரின் வேலை. கூரையும் தூணும் தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். பழுதுபார்ப்புக்கு இருவரும் தேவை.

தமிழ்நாட்டில் பொறுப்பு பல துறைகளிடம் சிதறிக் கிடக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் பணிகளை ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் பணிகளைப் பொதுப்பணித் துறையும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகளின் பணிகளைத் தாட்கோவும் கவனிக்கின்றன. பெற்றோர் மனு எழுதும் முன் தம் பள்ளி எதன்கீழ் வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இல்லையேல் மனு அலுவலகம் அலுவலகமாக அலையும்.

குறைந்த விலையின் பொறி

வெளியிலிருந்து வல்லுநரை அமர்த்தும்போது யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே பணி என்று முடிவெடுப்பது நேர்மையாகத் தோன்றும். ஆனால் மிகக் குறைந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? சோதனைகளிலும் நேரடி மேற்பார்வையிலும்தான். கம்பியின் துருவை நீக்கிய பின், அதைப் பூச்சு மூடுவதற்கு முன், அவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். மூடிய பிறகு வந்து கையெழுத்திடுவதால் பயனில்லை.

கட்டணத்தை வேலை மதிப்பின் விழுக்காடாக வைப்பதிலும் சிக்கல் உண்டு. செலவு கூடினால் அவர் கட்டணமும் கூடும். சிறு பழுதும் பெரு வேலையாக மாறலாம். ஆய்வுக்குத் தனியாக ஒரு நிலையான தொகை, வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்கும் தனிக் கட்டணம் என்று பிரிப்பதே பாதுகாப்பு.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் இரு உறை முறைக்கு இடமுண்டு. முதல் உறையில் தகுதி, இரண்டாம் உறையில் விலை. தகுதியை மதிப்பிடும்போது, புதிய கட்டடங்கள் எத்தனை கட்டினார் என்பதைவிட, பழைய கட்டடங்கள் எத்தனை சீரமைத்தார், அவை இன்று எப்படி இருக்கின்றன என்பதே அளவுகோலாக வேண்டும். பெரும் ஆண்டு வருவாயை நிபந்தனையாக்குவதையும் நாம் எதிர்க்க வேண்டும். முதல் தலைமுறையாகப் படித்து வந்த தலித் கட்டடக் கலைஞர்களையும் பொறியாளர்களையும் வாசலிலேயே நிறுத்தும் நிபந்தனை அது.

வரைபடத்தில் ஒளிந்திருக்கும் சாதி

கழிப்பறைக்குக் குழாய் நீர் போகாத வரைபடம், வாளியில் நீர் சுமக்க யாரையோ எதிர்பார்க்கிறது. அந்த ‘யாரோ’ எந்தச் சாதிக் குழந்தை என்பது நமக்குத் தெரியும். கழிவுநீர் உறிஞ்சும் லாரி நெருங்க முடியாத மூலையில் தொட்டியை வரைந்தால், என்றேனும் ஒரு மனிதர் அதற்குள் இறக்கப்படுவார். மனிதரை அப்படி இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்கான சூழல் வரைபடத்திலேயே உருவாகிவிடுகிறது. தொட்டியின் மூடியும் அற்ப விவரமன்று. 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தார்.

நம் கையில் உள்ள சட்டம்

2004 இல் கும்பகோணம் பள்ளித் தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதையொட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்று தீர்ப்பளித்தது. முறையான ஆய்வுக்குப் பின்னரே பாதுகாப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் அது கூறியது.

கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் 21 ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. 22 ஆம் பிரிவு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அக்குழுவிடம் தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் 2(j) பிரிவில் உள்ள ‘தகவல் அறியும் உரிமை’ பற்றிய வரையறை, பணிகளை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. பூச்சுக் கலவையின் மாதிரியைக்கூட நாம் கேட்டுப் பெறலாம்.

எனவே, ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் நிறைவேற்றி, துறைக்கு அனுப்பி, ஒப்புகை பெற வேண்டும். அதில் கேட்க வேண்டியவை:

• ஆய்வு செய்பவரின் பெயர், பதிவு எண், முன்பு செய்த சீரமைப்புப் பணிகள்.
• சோதனை முடிவுகளுடன் கூடிய ஆய்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கம், பள்ளித் தகவல் பலகையில்.
• ஆய்வு செய்தவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் வணிகத் தொடர்பு இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதி.
• மேற்பார்வை வருகைகளின் எண்ணிக்கையும் பதிவேடும்.
• இடிக்க நேர்ந்தால், அதற்கு முன்பே மாற்று வகுப்பறை, புதுக் கட்டடத்துக்கான நிதி ஆணை, முடிக்கும் தேதி.

கடைசிக் கோரிக்கை மிக முக்கியமானது. ‘ஆபத்தானது’ என்று இடிக்கப்பட்ட கட்டடத்தின் இடத்தில் புதியது எழாவிட்டால், குழந்தைகள் மரத்தடிக்குப் போவார்கள். பிறகு சேர்க்கை குறையும். சேர்க்கை குறைந்ததையே காரணம் காட்டிப் பள்ளி இணைக்கப்படும். பாதுகாப்பின் பெயரால் நம் குடியிருப்பிலிருந்து பள்ளியே அகற்றப்படுவதை நாம் ஏற்க முடியாது. கட்டடத்தைப் பார்வையிட வருபவர் யார் என்பதில் தொடங்கும் கண்காணிப்பு, புதிய கூரையின் கீழ் குழந்தைகள் அமரும் நாள் வரை தொடர வேண்டும்.