தாய்மாரும் இடுப்புத் தசைப் பயிற்சியும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறும் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. ஆண்டுதோறும் அப்படிகளை ஏறிவந்த தாய் ஒருவர், இரண்டாம் பிரசவத்திற்குப் பின் பேருந்திலேயே போய் வருவாராயின், முழங்கால் வலியே காரணம் என்று வீட்டார் எண்ணுவர். உண்மை வேறாக இருக்கலாம். இருமினாலும், தும்மினாலும், படியேறினாலும் சிறுநீர் தானே கசிகிறது என்பதைக் கணவரிடமும் சொல்ல அவருக்கு நா எழுவதில்லை. பயணம் என்றால் காலை முதலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்.

நேயர்களே, இது வெட்கப்படத் தக்கதன்று. முதுமை வந்தால் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்பதுமன்று. பெரும்பாலும் இது தசை தளர்ந்ததால் வரும் குறை. தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம்.

முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்புவரை, ஒரு தூளியைப் போல, தசைகள் இடுப்பின் அடியில் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குபவை இவையே. இருமும்போது வயிற்றுள் அழுத்தம் உயர்கிறது. அக்கணமே இத்தசைகள் இறுகிச் சிறுநீர் வழியை மூடிக்கொள்ளுதல் வேண்டும். கருப்பம், பிரசவம், தீராத இருமல், நாட்பட்ட மலச்சிக்கல், மிகுந்த உடற்பருமன் முதலியவற்றால் இவை வலுக் குன்றும்போது கசிவு நேர்கிறது. தண்ணீரைக் குறைப்பது மருந்தாகாது. மலச்சிக்கல் மிகுந்து, தொல்லை மேலும் வளரும்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948ஆம் ஆண்டில் இத்தசைகளுக்கான பயிற்சியை விளக்கி எழுதினார். காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, இருமல் தும்மலால் கசிவுற்ற பெண்களுள் பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதோரில் 6 பேரே அவ்வாறு கூறினர்.

பயிற்சி எளியது. உட்கார்ந்தோ படுத்தோ, வாயுவையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்குவதுபோல் உட்புறமாக மேல்நோக்கி இழுத்துச் சில விநாடிகள் நிறுத்துக. பின்னர் முற்றும் தளர்த்தி அதே அளவு நேரம் ஓய்வு கொடுக்க. வயிறும் தொடையும் இறுகலாகாது; மூச்சை அடக்கலாகாது. ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் தவறாது செய்தல் வேண்டும். இருமல் வருமுன் தசையை இறுக்கிக்கொள்ளப் பழகுவதும் நன்று. சிறுநீர் கழிக்கும்போதே இடையில் நிறுத்திப் பழகுதல் மட்டும் வேண்டா.

பலர் இழுப்பதற்கு மாறாகக் கீழ்நோக்கி முக்கிவிடுவதால், முதலில் பிசியோதெரபி பயின்றவரிடம் கேட்டுக்கொள்வது நலம். சிலருக்குத் தசை தளராமல் இறுகியிருப்பதே நோயாகும். அவர்கள் தளர்த்தவே கற்க வேண்டும். சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், அடியில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு ஆகியவை தோன்றினால் மருத்துவரை உடனே காண்க.

திருப்பதியில் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் பிசியோதெரபி கல்லூரியும் உண்டு. சித்தூரில் வாழ்வோருக்கு வேலூரும் அண்மையில் உள்ளது. 1911இல் வட ஆர்க்காட்டுப் பகுதிகளையும் சேர்த்து அமைந்த சித்தூர் மாவட்டத்தில் தமிழ் புதிய மொழியன்று. எனினும் எதிரிலிருக்கும் மருத்துவரிடம் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தாலேயே திரும்பிவிடும் தாய்மார் உண்டு. இருமலுக்குத் தெலுங்கில் ‘தக்கு’ என்பர், தும்மல் ‘தும்மு’, மூத்திரமோ இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல். இம்மூன்று சொற்களே போதும், மருத்துவர் புரிந்துகொள்வார்.

வீட்டிலுள்ள ஆடவர்க்கும் ஒரு வார்த்தை. தாயோ மனைவியோ படியேற மறுத்தால், ‘ஏன்?’ என்று பரிவுடன் ஒருமுறை கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணையாக உடன் செல்லுங்கள். பல ஆண்டு மறைத்த துயரம், சொல்லிய அன்றே பாதி குறையும். மீதியைப் பயிற்சி குறைக்கும்.