நாய்க்கறித் தடை: நாகாலாந்தில் ரத்து, கொரியாவில் சட்டம்... என்ன வித்தியாசம்?

‘ச்சீ... நாய்க்கறியா?’ தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் இப்படித்தான் கேட்பார்கள். ஆனால், ஒரு ஊருக்கு அருவருப்பாகத் தெரிவது இன்னொரு ஊருக்கு விருந்து. அந்த விருந்தைத் தடை போட்டு நிறுத்த முடியுமா? நாகாலாந்தும் தென் கொரியாவும் முயன்று பார்த்தன. முடிவுதான் வேறு வேறு.

நாகாலாந்தில் என்ன நடந்தது?

நாகா மக்களில் பலர் நாய்க்கறியைக் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். அதற்கு மருத்துவ குணம் உண்டு என்ற நம்பிக்கையும் இருக்கிறது. சாக்குப் பையில், வாய் கட்டப்பட்ட நிலையில் நாய்கள் சந்தைக்குக் கொண்டுவரப்படும் படங்கள் பரவியதும் நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. 2020 ஜூலையில், நாய்க்கறி விற்பனைக்கு மாநில அரசு தடை போட்டது.

கோஹிமா வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜூன் 2-ல் கவுகாத்தி உயர் நீதிமன்றத்தின் கோஹிமா அமர்வு அந்தத் தடையை ரத்து செய்தது.

ஏன் ரத்து?

தடை உத்தரவில் கையெழுத்திட்டவர் தலைமைச் செயலாளர். சட்டமன்றம் சட்டம் எதுவும் இயற்றாத நிலையில், இப்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம்.

சரி, உணவுப் பாதுகாப்பு விதிகளில் உள்ள இறைச்சி விலங்குகள் பட்டியலில் நாய் இல்லையே? வடகிழக்கின் சில பகுதிகளில் மட்டுமே இருக்கும் பழக்கம் என்பதால், பட்டியலில் இல்லாததில் வியப்பில்லை என்றார் நீதிபதி. நாய்களைக் கொடுமைப்படுத்தினால், அதற்கென்று இருக்கும் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும் என்பதும் தீர்ப்பின் சாரம்.

கொரியாவில் எப்படிச் சாத்தியமானது?

அங்கே கோடைக்காலத்தில் உடம்புக்குத் தெம்பு தரும் என்று ‘போஷின்டாங்’ எனும் நாய்க்கறி சூப் குடிப்பார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது, வெளிநாட்டினர் கண்ணில் படக்கூடாது என்று அந்தக் கடைகள் சந்துபொந்துகளுக்குள் தள்ளப்பட்டன. ஆனால், பழக்கம் போகவில்லை.

அதை மாற்றியது அடுத்த தலைமுறை. நாயைச் செல்லமாக வளர்க்கும் வீடுகள் பெருகின. இளைஞர்கள் நாய்க்கறியைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான், 2024 ஜனவரி 9-ல் நாடாளுமன்றத்தில் தடை மசோதா நிறைவேறியது. ஆதரவாக 208 ஓட்டுகள். எதிராக ஒன்றுகூட இல்லை.

என்ன தண்டனை?

இறைச்சிக்காக நாயைக் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 கோடி வொன் வரை அபராதம். கறிக்காக வளர்த்தாலோ விற்றாலோ 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி வொன் வரை அபராதம். ஆனால், தண்டனை உடனே வரவில்லை. 2027 பிப்ரவரி வரை 3 ஆண்டு அவகாசம். பண்ணையை மூடுபவர்களுக்கு நாய் ஒன்றுக்கு அதிகபட்சம் 6 லட்சம் வொன் வரை உதவித்தொகை. இது போதாது என்று பண்ணைக்காரர்கள் போராடியதும் உண்டு.

என்ன புரிகிறது?

நாகாலாந்தில் தடை வந்தபோது, சாப்பிடுபவர்கள் மாறவில்லை; முகம் சுளித்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். கொரியாவில் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளே மாறியிருந்தார்கள். பிழைப்பை இழப்பவர்களுக்கு அவகாசமும் கிடைத்தது.

இன்னொரு விஷயம். கொரியச் சட்டம் கொல்பவரையும் வளர்ப்பவரையும் விற்பவரையும்தான் தண்டிக்கும். சாப்பிடுபவருக்குத் தண்டனை கிடையாது. அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று 2027-க்குப் பிறகும் போலீஸ் எட்டிப் பார்க்காது.