கடவுள் படத்தின் கீழே கடையின் பெயர்

மாரண்டஹள்ளியில் மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ, புத்தாண்டுக்கு வாடிக்கையாளருக்குத் தரும் தினசரி காலண்டரின் அமைப்பு ஒன்றுதான்: மேலே முருகனோ லட்சுமியோ, நடுவில் ராகு காலம், நல்ல நேரத்தோடு தேதித்தாள் கட்டு, அடியில் கடையின் பெயரும் செல்போன் எண்ணும். பருப்பும் இல்லை, புடவையும் இல்லை. விற்கும் பொருளையே காட்டாத இது என்ன விளம்பரம் என்று கேட்கலாம். ஆனால் அச்சு விளம்பரத்தில் படம் பொருளைப் புகழ்ந்தே தீர வேண்டும் என்பதில்லை. கடையை அடையாளம் காட்டினால் போதும். சீனாவின் ஜினான் நகரில் லியூ குடும்பத்தார் நடத்திய ஊசிக்கடையின் உலோக அச்சுத்தகடு சோங் அரச மரபின் காலத்தது. உலகின் மிகப் பழைய அச்சு விளம்பரங்களில் ஒன்று. அதன் நடுவில் இருப்பது மருந்து இடிக்கும் வெள்ளை முயல். வாசலில் அந்த முயலைப் பார்த்துக் கடையைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது வாசகம். எழுத்தறியாதவரும் முயலைக் கேட்டு வந்துவிடலாம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஷாங்காயில் சிகரெட் கம்பெனிகள் அழகிகளின் படத்தோடு காலண்டர்களை அச்சிட்டதும் இதே வழியில்தான்.

நம் ஊர்க் காலண்டரில் கடவுள் வந்ததற்குப் பக்தி மட்டுமே காரணமல்ல. அச்சுக் கணக்கும் உண்டு. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசி அச்சுத்தொழில் அப்படித்தான் வேர்விட்டது. நாடகத் திரை தீட்டிவந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் காலண்டர்களை நிறைத்தன. ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளுக்குத் தனித்தனித் தகடு செய்ய வேண்டும். சில நூறு பிரதி மட்டும் கேட்கும் சிறு கடைக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால் அச்சகம் ஒரே படத்தை அடிப்பகுதி வெற்றிடமாக மொத்தமாக அடித்து வைத்துக்கொள்கிறது. ஆர்டர் வந்தபின் அந்த இடத்தில் கடையின் பெயரை மட்டும் ஏற்றுகிறது. படத்தின் செலவை எத்தனையோ ஊர்க் கடைகள் சேர்ந்து சுமக்கின்றன. எல்லோருக்கும் பொருந்த வேண்டிய படத்தில் ஒருவரது சரக்கை எப்படிப் போடுவது? முருகன் பொருந்துவார், வேண்டாதவருக்கு மாதாவும் மசூதியும் இயற்கைக் காட்சியும் அச்சகத்தின் மாதிரி ஆல்பத்தில் உண்டு.

சாமியைக் கும்பிடுபவர் கடைப்பெயரைப் படிப்பதில்லை, ஆண்டு முடிந்ததும் பெயரை வெட்டிவிட்டுப் படத்தை பிரேம் போடுகிறார் என்பார்கள். போடட்டும். அதற்குள் அந்தப் பெயர் ஓர் ஆண்டு முழுக்கச் சுவரில் இருந்து, தேதி கிழிக்க வந்த கண்ணில் பட்டாயிற்று. செல்போனில் தேதி தெரிந்தும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான ஆல்பங்கள் வெளியாகத்தான் செய்கின்றன. உங்கள் வீட்டுக் காலண்டரை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: படம் முழுக்கப் பல நிறப் புள்ளிகளாக இருக்க, கடையின் பெயர் மட்டும் ஒற்றை மையில் தனியாக ஏறியிருந்தால், அந்தப் பெயர் பின்னால் அடித்தது.