சிறையே மேல் என்றவர்

கணவன் வீடா, சிறையா என்ற கேள்வி 1887-ல் ஒரு பெண்ணின் முன் வைக்கப்பட்டது. படித்த முதல் தலைமுறைப் பெண்களின் சிக்கல் அந்தக் கேள்வியோடு முடியவில்லை.

ஒன்று கணவன் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லையேல் ஆறு மாதம் சிறை. 1887 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஃபாரன் போட்ட உத்தரவு இது. சிறையே மேல் என்றார் 22 வயது ருக்மாபாய்.

அவருக்குக் கல்யாணம் ஆனபோது வயது 11. மாப்பிள்ளை தாதாஜி பிகாஜிக்கு 19. கல்யாணத்துக்குப் பிறகும் ருக்மாபாய் தாய் வீட்டிலேயே இருந்தார். மாற்றாந்தந்தை சகாராம் அர்ஜுன் டாக்டர். புத்தகங்களுக்குப் பஞ்சமில்லாத வீடு. தாதாஜிக்கோ படிப்பில் நாட்டமில்லை. 1884-ல் மனைவியை அனுப்பி வைக்கக் கோரி அவர் வழக்குப் போட்டார். விவரம் புரியாத வயதில் மற்றவர்கள் முடித்து வைத்த கல்யாணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது ருக்மாபாயின் வாதம். 1885-ல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலில் நிலைமை தலைகீழானது.

வேடிக்கை என்னவென்றால், தாதாஜி கையில் எடுத்த ஆயுதம் சாஸ்திரத்தில் இருந்து வந்ததல்ல. சேர்ந்து வாழும்படி கோர்ட் மூலம் கட்டாயப்படுத்தும் உரிமை இங்கிலாந்தின் தேவாலயச் சட்டத்தில் பிறந்தது. இந்து மரபில் அதற்கு முன்மாதிரி இல்லை என்று சுட்டிக்காட்டியவர் வெள்ளைக்கார நீதிபதி பின்ஹே. ஆனால் இந்து தர்மத்துக்கே ஆபத்து என்று கொதித்தது திலகரின் 'மராட்டா'. ஆங்கிலப் படிப்பு பெண்களைக் கெடுக்கிறது என்ற வாதமும் கிளம்பியது. எது அன்னியம், எது நம்முடையது என்பதை அவரவர் வசதிப்படிதான் முடிவு செய்தார்கள்.

ருக்மாபாயும் சும்மா இருக்கவில்லை. 'ஒரு இந்துப் பெண்' என்ற பெயரில் 1885-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இளவயதுத் திருமணத்தையும் விதவைகளின் நிலையையும் பட்டவர்த்தனமாகப் பேசின. புனைபெயரைக் கவனியுங்கள். மதத்தை விட்டு வெளியேறியவராக அல்ல, உள்ளே இருந்து கேள்வி கேட்பவராகவே தன்னை முன்வைத்தார்.

கடைசியில் 1888-ல் பணம்தான் வழக்கைத் தீர்த்தது. ரூ. 2,000 பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். காமா மருத்துவமனையின் டாக்டர் ஈடித் பீச்சியின் ஆதரவோடு ருக்மாபாய் லண்டனுக்குக் கப்பலேறி, பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1891-ல் சம்மத வயது 10-லிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டதற்கு இந்த வழக்கு கிளப்பிய விவாதமும் ஒரு காரணம்.

ஃபாரனின் உத்தரவுக்குச் சில நாட்கள் முன்புதான், 1887 பிப்ரவரி 26 அன்று, டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி காசநோயால் இறந்திருந்தார். வயது 21. அவர் கதை நேரெதிர். படிக்கும்படி அவரை நெருக்கியதே கணவர் கோபால்ராவ்தான். 1883-ல் செராம்பூரில் பேசியபோது, இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன் என்று ஆனந்திபாய் உறுதியளிக்க வேண்டியிருந்தது. பிலடெல்ஃபியா குளிரிலும் சேலை, சைவச் சாப்பாடு. அங்கே 1886-ல் பட்டம் பெற்றார். கோலாப்பூர் மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை.

கல்கத்தாவில் டாக்டர் காதம்பினி கங்கூலியை 1891-ல் 'பங்கபாசி' பத்திரிகை விலைமாது என்ற பொருள்பட எழுதியது. அவர் கோர்ட்டுக்குப் போனார். ஆசிரியருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

லண்டனிலிருந்து திரும்பிய ருக்மாபாய், சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் சுமார் 35 ஆண்டுகள் வேலை செய்தார். மறுமணம் செய்யவில்லை. 1904-ல் தாதாஜி இறந்த செய்தி வந்தது. எந்தக் கல்யாணத்தை ஏற்க மறுத்துச் சிறைக்கும் தயாரானாரோ, அந்தக் கல்யாணத்துக்காக வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார். ஊருக்குப் பயந்தா? நோயாளிகளின் குடும்பங்கள் தன்னை வீட்டுக்குள் விட வேண்டும் என்பதற்காகவா? இதைச் சறுக்கல் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால், ஓய்வு பெறும் தறுவாயில் பர்தாவை ஒழிக்க வேண்டும் என்று பிரசுரம் எழுதியவரும் இதே வெள்ளைச் சேலைக்காரர்தான்.

1955 செப்டம்பரில், 90 வயதில் அவர் இறந்தார். அதே ஆண்டு மே மாதம் அமலுக்கு வந்த இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு வழி செய்தது. அதன் 9-வது பிரிவில், சேர்ந்து வாழக் கோரி வழக்குப் போடும் உரிமையும் இருந்தது. 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. இப்போது சிறை கிடையாது. சொத்தை ஜப்தி செய்யலாம்.