சூரியனின் கண்ணுக்குத் தெரியாத ஒளி

அரூரின் சித்திரை வெயிலில் சூரியனை நாம் ஏறிட்டுப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதன் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி என்றால், அதைச் சூழ்ந்த கொரோனா 10 லட்சம் டிகிரியைத் தாண்டும். சூரியப் புள்ளிகளுக்கு மேலே, காந்தப்புலம் வலுத்த இடங்களில், அது அதிதீவிரப் புறஊதாக் கதிர்களில் வளைவு வளைவாக ஒளிரும்.

அக்கதிர்களை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. உயிர்களுக்கு அது காப்பு; ஆய்வாளருக்குத் திரை. அதனால்தான் 2010இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எஸ்.டி.ஓ. விண்கலம், 12 நொடிகளுக்கு ஒருமுறை இவ்வொளியில் படமெடுக்கிறது. அவ்விடங்களில் வெடிப்பு நிகழ்ந்தால் செயற்கைக்கோள்களும் வானொலித் தொடர்பும் பாதிக்கப்படலாம்.

2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட நம் ஆதித்யா எல்-1லும் கொரோனாவைக் கவனிக்கும் கருவி உண்டு. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் அவ்வழி திறந்தே இருக்கிறது.